அத்தைக்குக் கண் தெரியாமல் போனது

என் பள்ளிக்கூட வாழ்க்கையில் பாதியை நான் தூங்கியே கழித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எங்கள் வகுப்பில் பூவெடுக்கும் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருமே தூங்கினோம். முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு தலையாகச் சாயும். அறிவியல் சார் எங்களை அடித்துப் பார்த்தார், வெயிலில் நிறுத்திப் பார்த்தார். நின்றுகொண்டே தூங்கினோம். கடைசியில் அவரே தோற்றுப்போய், பூவெடுக்கிற பிள்ளைகள் எல்லாம் சுவரோரம் உட்காருங்கள், சாய்ந்தாலும் கீழே விழமாட்டீர்கள் என்று இடம் மாற்றி வைத்தார். என் வகுப்பறை ஞாபகம் முழுக்கக் கன்னத்தில் ஒட்டிய அந்தச் சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சிதான். பாடம் எங்கோ தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும். கனவில் மொட்டு மொட்டாகப் பறித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர் கீழக்குயில்குடியிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டு வாசலில் நின்றால் சமணர் மலை தெரியும். மலைக்கு இந்தப் பக்கம் கிணறு இருக்கிற இடமெல்லாம் மல்லிகை. மல்லிகை யாருக்காகவும் காத்திருக்காது. விடியுமுன் மொட்டாக எடுத்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் வாடும், சாயந்திரம் ஆனால் விரியும், விரிந்த பூவை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதனால் ஊரே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு தோட்டத்தில் இறங்கும். தை மாசப் பனியில் அந்த லைட்டுகள் மட்டும் செடிக்குச் செடி நகர்ந்துகொண்டிருக்கும். ஆள் தெரியாது. பாதி உறக்கத்தில் இருக்கும் எனக்கு, வானத்தை யாரோ கீழே இறக்கி வைத்துவிட்டதாகத் தோன்றும்.

அப்பா கேரளாவில் ரோடு போடும் வேலையில் இருந்தார். பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் மட்டும் வருவார். வீட்டில் அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே புருஷன் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டவள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஊரில் எல்லோரையும் கேலி செய்துகொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, ராணி மாதிரி இருந்தாள். பூவெடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். வாய் மூன்றாவதாக வேலை செய்யும்.

அவள் வாய்க்கு அதிகம் அகப்பட்டது என் படிப்புதான். நான் புத்தகத்தை எடுத்தால் போதும், கலெக்டரம்மா படிக்கிறாக, காத்தாடியப் போடுங்க என்பாள். எங்கள் வீட்டில் ஃபேன் கிடையாது. பூவெடுக்கிறவளுக்கு விரல் போதாதா, எழுத்து எதற்கு என்பாள். தான் பள்ளிக்கூடம் போகாத கதையையும் சிரிப்பாகத்தான் சொல்வாள். ஒரே நாளில் அண்ணனைப் பள்ளிக்கூடத்திலும் அவளைப் பூந்தோட்டத்திலும் சேர்த்துவிட்டார்களாம். அண்ணன் அஞ்சாவதிலேயே ஓடி வந்துவிட்டான், நான் இன்னும் ஓடவில்லை பார் என்று முடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். எனக்கு அவளைப் பிடிக்காது. என்னையும் அவளை மாதிரியே ஆக்கிவிடத்தான் இப்படிப் பேசுகிறாள் என்று உறுதியாக நம்பினேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் செலவு, நோட்டு, உடுப்பு, அதோடு காலையில் பூவெடுக்க ஒரு கை குறையும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒரு தேர்வு வைக்கிறது, அதில் தேறினால் பன்னிரண்டாவது வரைக்கும் உதவித்தொகை வரும் என்று அறிவியல் சார்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். பகல் முழுக்கத் தூங்கினாலும் இவள் கணக்கை மட்டும் கனவில் போட்டு விடுகிறாள் என்று என்னைப் பற்றி அம்மாவிடம் சிபாரிசு வேறு செய்தார். அம்மா ரொம்ப நேரம் யோசித்தாள். தேறினால் ஒன்பதாம் வகுப்பு, தேறாவிட்டால் தோட்டம் என்றாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து சுவரோரத்தை விட்டு நடு பெஞ்சுக்குப் போய்த் தூங்காமலிருக்கப் பழகினேன்.

தேர்வு வந்து விழுந்த நாள்தான் வில்லங்கம். அது பெரிய முகூர்த்த நாள். பனிக் காலத்தில் பூ குறைச்சல், முகூர்த்தமோ நிறைய, அதனால் விலை மலை ஏறி நிற்கும். அன்றைக்கு ஒரு கை குறைவதை, நாங்கள் கூலிக்குப் பூவெடுக்கும் தோட்டத்தின் சொந்தக்காரர் தாங்கமாட்டார். தேர்வு நடப்பது பழங்காநத்தத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். பூவெடுத்து முடித்துவிட்டுக் கிளம்பினால் காலை பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸில் போனால் வாசல் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு இந்தந்த வரிசை என்று தோட்டக்காரர் சீசன் தொடங்கும்போதே பிரித்துக் கொடுத்துவிடுவார். அவரவர் வரிசைக்கு அவரவர்தான் பொறுப்பு. வராமல் போனால் வரிசை வேறு ஆளுக்குப் போய்விடும், அந்த வீட்டு ஆட்களும் அதோடு சேர்ந்தே போக வேண்டியதுதான். சின்னப்பிள்ளை என்பதால் எனக்கு வேலியோரமாக ஒரே ஒரு நீள வரிசை. அம்மா தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. உண்மையிலேயே யோசித்துப் பார்த்துவிட்டு, முகூர்த்தமாச்சேத்தா, பரிச்சைய அடுத்த மாசம் எழுதச் சொல்லேன் என்றார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் தேதி மாற்ற முடியாதது கல்யாணம் ஒன்றுதான்.

அம்மா திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அத்தை வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, கலெக்டர் வேலை போச்சா என்று கேட்டாள். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேராக மலையடிவாரத்து அய்யனாரிடம் ஓடினேன். தாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். சாயந்திர வெயிலில் மலை முழுக்கச் சிவந்து கிடந்தது. குளத்தில் அதே மலை தலைகீழாக அசைந்தது. எது நிஜ மலை என்று தெரியாத மயக்கத்தில் இருந்தபடியே, அய்யனாரே, அந்த ஒரு நாள் மட்டும் பூக்காமல் இருக்கட்டும், அத்தைக்கும் ஏதாவது தண்டனை கொடு என்று இரண்டு வேண்டுதலையும் ஒன்றாகப் போட்டேன்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் அத்தை என் வரிசைக்கு வந்து நின்றாள். என் கை ஆமை மாதிரி ஊர்கிறதாம், பார்க்கவே எரிச்சலாக இருக்கிறதாம். நீ போய் என் வரிசையில் எடு, இதை நான் முடிக்கிறேன் என்று விரட்டினாள். நான் போய்விட்டேன். பனி அடர்த்தியாக இருந்தது. வேலியோரத்தில் அவள் லைட் மட்டும் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஏதோ தெம்மாங்கு மாதிரி முனகிக்கொண்டிருந்தாள். வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

இங்கே மொட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செடியில் இரண்டு வகை மொட்டு நிற்கும். இன்றைக்கு எடுக்க வேண்டியது பால் மாதிரி வெளுத்து, தடித்து நிற்கும். நாளைக்கு எடுக்க வேண்டியது பச்சை ஓடி, ஒல்லியாக இருக்கும். அதைத் தொடக்கூடாது. தொட்டால் இன்றைக்கும் உதவாது, விரியாமலே பழுத்துப்போகும். நாளைக்கும் செடியில் இருக்காது. பூவெடுக்க வரும் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான். இருட்டில் விரல் பட்டாலே தெரிந்துவிடும், கண்கூட வேண்டாம்.

விடிந்ததும் எல்லோரும் மடியை அவிழ்த்து ஈரச் சாக்கில் பூவைக் கொட்டினோம். தோட்டக்காரர் அத்தையின் குவியலில் கையை விட்டுக் கிளறினார். மறுபடி கிளறினார். உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தார். பாதிக்கு மேல் பச்சை மொட்டு. வேலியோரம் போய் என் வரிசையைப் பார்த்தார். கடைசிச் செடி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தார். மறுநாளைக்கென்று அங்கே ஒரு மொட்டுகூட இல்லை. வெறும் இலைதான் நின்றது.

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"கண்ணு கொஞ்ச நாளா மங்கலாத்தாண்ணே இருக்கு. லைட்டு வெளிச்சத்துல எல்லாம் ஒண்ணு போலத் தெரியுது."

தோட்டக்காரர் சத்தம் போடவில்லை. அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. இத்தனை வருஷம் இருட்டில் ஒரு பிஞ்சு தப்பாகத் தொட்டதில்லையே, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பார்த்தா உன் கண் மங்க வேண்டும் என்று கேட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். நாளைக்கு முகூர்த்தம், வேறு ஆள் கிடைக்காது, அண்ணி பக்கத்திலேயே நின்று அவள் எடுக்கட்டும். கண் கெட்டது நிஜம் என்றால் டாக்டரிடம் காட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரட்டும், தெய்வக் குத்தம் என்று விட்டுவிடுகிறேன். கண் நன்றாக இருக்கிறது என்றால் மூன்று பேருக்குமே இனி இந்தத் தோட்டத்தில் வேலை இல்லை. கடைசியாக என் பக்கம் திரும்பி, உன் வரிசையில்தான் ஒன்றும் இல்லையே, நாளைக்கு நீ எதுக்கு, வர வேண்டாம் என்றார்.

அய்யனாரிடம் நான் கேட்டது தோட்டம் முழுவதற்கும். அவர் என் வரிசைக்கு மட்டும் கொடுத்திருந்தார். சிக்கனமான சாமி. ஆனால் இரண்டாவது வேண்டுதலையும் கையோடு முடித்துவிட்டாரே, அதுதான் என்னைக் கலக்கியது. ஏதாவது தண்டனை என்றுதான் கேட்டேன். கண்ணையா கேட்டேன்?

அம்மா வரப்பில் உட்கார்ந்து அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அன்று மதியம் அத்தைக்குத்தான் முதலில் சோறு போட்டாள், எனக்கென்று வைத்திருந்த முட்டையையும் அவள் தட்டிலேயே வைத்தாள். கண்ணுக்கு முட்டை நல்லது என்று சார் சொல்லியிருந்தார், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. என் வாழ்க்கையில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கண் விழித்தது அதுதான் முதல் தடவை. அம்மாவும் அத்தையும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். சார் பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தார். பனிக்குள் பஸ் மிதந்து போயிற்று. மலை கொஞ்ச தூரம் கூடவே வந்து பிறகு நின்றுவிட்டது. பழங்காநத்தத்தில் இறங்கியதும் ஹாரன் சத்தத்தில் காது அடைத்தது. தேர்வு அறையில் அத்தனை பிள்ளைகள், ஒருத்திகூடத் தூங்கவில்லை. எல்லோரும் இத்தனை முழித்துக்கொண்டிருக்கிற வகுப்பறையை நான் அதுவரை பார்த்ததில்லை. கேள்வித்தாளில் எழுத்துகள் துலக்கமாக இருந்தன. கண் எரியவில்லை. உலகம் இவ்வளவு தெளிவானதா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே எழுதினேன். அந்தத் தேர்வில் தேறினேன், ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன், அதற்கு மேலும் போனேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதை அல்ல.

அந்த வாரமே திருநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கண் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பெயர் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமே. வழி நெடுக நான் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். குழி இருக்கு அத்தே, கல்லு இருக்கு அத்தே என்று சொல்லிக்கொண்டே போனேன். சும்மா வாடி கழுதை என்றாளே தவிர, கையை உதறவில்லை.

மண்டபத்தில் சமையல் கூடத்தை இருட்டாக்கி, அங்கேதான் பரிசோதனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் இளம்பெண். படிக்கத் தெரியாதவர்களுக்கென்று தனி அட்டை வைத்திருந்தார். அதில் எழுத்து இல்லை. மூன்று கால் வைத்த ஒரு கோடு, மேலும் கீழும் வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது உள்ளங்கை அகலம். சுவரில் ஒட்டிய பல்லிக்குக்கூடத் தெரியும்.

கால் வலப்பக்கம் இருந்தது. அத்தை மேலே காட்டினாள். கால் கீழே இருந்தது. இடப்பக்கம் காட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரியதுமா தெரியவில்லை? அய்யனார் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு விட்டாரே என்று நடுங்கினேன். பொறுக்க முடியாமல் அவள் காதோரம் குனிந்து, வலது பக்கம் அத்தே, வலது பக்கம் என்று கிசுகிசுத்தேன். அடுத்த நொடி என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அத்தனை வலியோடு அதற்கு முன்போ பின்போ யாரும் என்னைக் கிள்ளியதில்லை. கிள்ளிய கையாலேயே இடப்பக்கம் காட்டினாள்.

அந்தப் பெண் குச்சியைக் கீழே வைத்தார்.

"தெரியாதவங்களுக்குக்கூட ஒண்ணு ரெண்டு தப்பித் தவறி சரியா விழுந்துரும்க்கா. ஒங்களுக்கு ஒண்ணுமே விழலையே?"

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, நான் அதுவரை கேட்காத ஒரு குரலில் கேட்டாள்.

"எனக்கு ஒரு கண்ணாடி குடுத்துருங்கம்மா. கண்ணாடி இல்லாம நான் ஊருக்குள்ள போக முடியாது."

அந்தப் பெண் அத்தையைப் பார்த்தார். தொடையைத் தேய்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் நான் போட்டிருந்தது பள்ளிக்கூட உடுப்புதான், நல்ல உடுப்பு அது ஒன்றுதான் இருந்தது. என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெட்டியிலிருந்து கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை எடுத்து அவரே அத்தைக்கு மாட்டிவிட்டார். பெரிய பவர் இல்லைக்கா, பழகிக்கலாம் என்று சொன்னதாக ஞாபகம். அத்தை அவருக்குக் கும்பிடு போட்டாள். யாருக்கும் அவள் கும்பிடு போட்டு நான் பார்த்ததில்லை.

பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. அத்தை கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, திருமங்கலம் ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்வையைத் திருப்பாமலே சொன்னாள்.

"மன்னிச்சு விட்டாலும், கண்ணாடி போட்டவள நம்பி அவரு இனிமே பூ எடுக்கக் குடுக்க மாட்டாருடி. நீயும் ஒங்கம்மாவும் எடுங்க. நான் இங்கன நாலு வீட்டுல பாத்திரம் கழுவிக்கிறேன்."

அப்படியேதான் ஆயிற்று. அதற்குப் பிறகு அத்தை தோட்டத்தில் இறங்கவேயில்லை. இப்போதும் எங்காவது பந்து மல்லிகை வாங்கிக் கையில் வைத்தால் எனக்கு அத்தையின் விரல்கள்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. திருநகரில் வீட்டு வேலை என்றால் நிழலில் இருக்கலாம், மழையில் நனைய வேண்டாம், நல்லதுதானே என்று நினைத்தேன்.

திடீரென்று அத்தை எழுந்தாள். அந்தா நம்ம ஊரு பஸ் வருது, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி உடைஞ்சிருக்கே, அதேதான், ஓடியா என்றாள். நான் பார்த்தேன். ரோட்டின் கோடியில் கானல் மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்த பிறகுதான் அதற்குள் ஏதோ புள்ளி மாதிரி அசைவது எனக்குத் தெரிந்தது. பஸ் கிட்டே வந்தபோது டிரைவர் பக்கத்துக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. அவளைக் கட்டிக்கொண்டேன்.

"கண்ணாடி வாங்குனதும் எம்புட்டு தூரம் தெரியுது பாத்தியா அத்தே."

அத்தை என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு வெற்றிலைக் கறைப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஆமாடி, நல்ல கண்ணாடிதான் என்றாள். அது அவள் கைக்குள்தான் மூடியிருந்தது. அதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.